ரேமில் இடம் இருந்தும் ‘மெமரி இல்லை’: செம்பூரில் ஒரு பேஜ் ஃபைல் வேலை

டாஸ்க் மேனேஜரில் ‘இன் யூஸ்’ 5.1 ஜிபி என்கிறது, ‘அவைலபிள்’ 2.7 ஜிபி என்கிறது. அதாவது 8 ஜிபி ரேமில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறது. அதே நேரத்தில் ஃபோட்டோஷாப், மெமரி போதவில்லை என்று சொல்லி வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டது. பின்னால் திறந்திருந்த குரோம் பக்கம் ஒன்றும் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று விழுந்து கிடந்தது.

கணினி எங்கள் கட்டடத்திலேயே, மும்பை செம்பூர் சேடா நகரில், கீழ் மாடியில் இருக்கும் அக்காவுடையது. கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவர் தொழில். மாட்டுங்கா, சயான், தாராவி பக்கத்துப் போட்டோகிராபர்கள் படங்களைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அக்கா பக்கம் பக்கமாகக் கோத்து அச்சுக்கு அனுப்புவார். தை முகூர்த்தம் முடிந்த கையோடு வேலை குவிந்துவிடும். அவர் கேட்ட கேள்வி இதுதான்: “தம்பி, ரேம்ல இடம் இருக்குன்னு இதுவே காட்டுது. அப்புறம் இடம் இல்லன்னும் இதுவே சொல்லுது. எதைத்தான் நம்புறது?”

இரண்டையும் நம்பலாம். அவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். இந்தப் பதிவு முழுக்க அந்த வேறுபாட்டைப் பற்றித்தான். இதைப் பிடித்துக்கொண்டால், ரேமுக்குத் துணையாக விண்டோஸ் வட்டில் வைத்துக்கொள்ளும் கோப்பான பேஜ் ஃபைல் எவ்வளவு வைக்கலாம் என்பது ஊகமாக இருக்காது, எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

முதலில் கணினியைச் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப், விண்டோஸ் 11, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக்காக. சி டிரைவ் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 223 ஜிபி என்று காட்டும். டி டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று. சி டிரைவில் மிச்சம் 31 ஜிபி.

வேலையின் கனம் என்ன என்றும் பார்க்க வேண்டும். கரிஸ்மா ஆல்பத்தின் ஒரு விரிப்பு, அதாவது எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது, 12க்கு 36 அங்குலம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட 3.9 கோடிப் பிக்சல். பிக்சலுக்கு 3 பைட் வீதம் ஒரே ஒரு முழு லேயர் 111 எம்பி. பின்னணி, மாலை, தாலிகட்டும் படம், அதன் மேல் மாஸ்க், ஓரத்தில் சின்னப் படங்கள் என்று இருபது லேயர் போனால் ஒரு விரிப்பே 2 ஜிபியைத் தொட்டுவிடும். அக்கா மூன்று விரிப்புகளைச் சேர்த்துத் திறந்து வைத்துத்தான் வேலை பார்ப்பார், நிறம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக. அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது சரியல்ல. கணினிதான் அவர் வேலைக்கு ஏற்ப மாற வேண்டும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ போய் ‘மெமரி’யைத் தொட்டால், நான் மேலே சொன்ன இரண்டு எண்ணுக்கும் கீழே ‘கமிட்டெட்’ என்று ஒன்று இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அன்று அது 7.7/7.9 என்று காட்டியது. பிரச்சினை முழுக்க அந்த எண்ணுக்குள்தான் இருந்தது.

ஒரு நிரல் “எனக்கு 500 எம்பி வேண்டும்” என்று கேட்டால் விண்டோஸ் உடனே ரேமை எடுத்துக் கொடுப்பதில்லை. “தருகிறேன்” என்று உறுதி மட்டும் கொடுக்கிறது. நிரல் அந்த இடத்தைத் தொடும்போதுதான், 4 கேபி பக்கம் பக்கமாக, ரேம் ஒதுக்கப்படுகிறது. ஆனால் கொடுத்த உறுதி கணக்கில் ஏறிவிட்டது. ஊருக்குப் போகும் நாகர்கோவில் வண்டியில் முன்பதிவு செய்த படுக்கை மாதிரி இது. ஆள் கல்யாணில் ஏறப்போகிறார் என்றால் அதுவரை படுக்கை காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. படுக்கை எண்ணிக்கைக்கு மேல் ஒரு சீட்டுக்கூட விண்டோஸ் விற்காது. அக்காவின் கணினியில் படுக்கைகள் காலியாக இருந்தன, சீட்டுகள் தீர்ந்துவிட்டன. பேஜ் ஃபைல் என்பது கூடுதலாகக் கோக்கிற ஒரு பெட்டி. அதில் ஒருவரும் ஏறாமல் போனாலும், அது இருக்கிற தைரியத்தில் சீட்டு கொடுக்கலாம்.

உறுதி கொடுக்கக்கூடிய உச்சம், கமிட் லிமிட், என்பது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை. அக்காவின் கணினியில் அந்த உச்சம் 7.9. ரேமின் அளவும் கிட்டத்தட்ட அதேதான். அந்த இடத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது: இந்தக் கணினியில் பேஜ் ஃபைலே இல்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள ஈவென்ட் வியூவரைத் திறந்தோம். ‘விண்டோஸ் லாக்ஸ்’ கீழே ‘சிஸ்டம்’ பதிவில், ‘ரிசோர்ஸ் எக்ஸாஸ்ஷன் டிடெக்டர்’ என்ற மூலத்திலிருந்து 2004 என்ற எண்ணோடு பதிவுகள் வரிசையாக இருந்தன. வர்ச்சுவல் மெமரி (ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது) குறைந்துவிட்டது என்று கண்டறிந்ததாகச் சொல்லி, அந்த நேரத்தில் அதிகம் பிடித்திருந்த நிரல்களின் பெயரையும் பைட் கணக்கையும் அதுவே எழுதி வைக்கும். ஃபோட்டோஷாப் முதலில், அடுத்து குரோம். உங்கள் கணினி இப்படி நடுவில் நிற்கிறது என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் இந்த 2004 பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பேஜ் ஃபைல் அமைப்பு இருக்கும் இடம் கொஞ்சம் ஆழத்தில். ஸ்டார்ட்டில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்தால் வரும் சாளரத்தில், ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற கட்டத்துக்குள் ‘செட்டிங்ஸ்’ பொத்தான். அதை அழுத்தினால் இன்னொரு சாளரம். அதிலும் ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு தாவல். அதன் அடியில் ‘வர்ச்சுவல் மெமரி’, பக்கத்தில் ‘சேஞ்ச்’. திறந்து பார்த்தால், ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ என்று தொடங்கும் மேல் வரியின் டிக் எடுக்கப்பட்டிருந்தது. சி, டி இரண்டுக்கும் ‘நோ பேஜிங் ஃபைல்’.

எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தவர் செய்த வேலை. “எஸ்எஸ்டி தேயாம இருக்கும்னு சொன்னாரு தம்பி” என்றார் அக்கா. இந்த எண்ணம் பரவலாக இருப்பதால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்எஸ்டி எழுதுவதால் தேயும், உண்மை. படிப்பதால் தேய்வது கணக்கில் எடுக்கத்தக்கது அல்ல. பேஜ் ஃபைலில் எது அதிகம்? விண்டோஸ் 7 வந்த 2009ஆம் ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள்: பேஜ் ஃபைலில் ஒரு முறை எழுதினால் சுமார் 40 முறை வாசிப்பு. அந்த வாசிப்புகளில் 67 விழுக்காடு 4 கேபியோ அதற்குக் குறைவோ. சிறுசிறு துண்டாக, சிதறிய இடங்களிலிருந்து படிப்பதுதான் எஸ்எஸ்டி மிகச் சிறப்பாகச் செய்யும் வேலை. எனவே எஸ்எஸ்டியில் வைக்க உகந்த கோப்புகளில் பேஜ் ஃபைல் முன்வரிசையில் நிற்கிறது என்பதே அவர்கள் முடிவு. 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல், வட்டுக்கு அனுப்பும் முன் பக்கங்களை ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துப் பார்க்கும் வழக்கமும் வந்துவிட்டது. எழுதுவது அதனால் இன்னும் குறையும். இந்த அளவு எஸ்எஸ்டிகளுக்கே சில பத்து டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் உண்டு.

இதைவிட முக்கியமான இன்னொன்று. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் எல்லாம் ரேமிலேயே இருக்கும், வேகம் கூடும் என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. நிரலின் குறிமுறைப் பக்கங்கள் வட்டில் அந்த நிரலின் கோப்பிலேயே இருக்கின்றன; ரேமிலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டு வேண்டும்போது மறுபடி படித்துக்கொள்ளலாம். நிரல் வேலை செய்யும்போது உருவாக்கிய தரவுக்கு அப்படி மூலக்கோப்பு கிடையாது. அது ஒதுங்க பேஜ் ஃபைல் ஒன்றுதான் இடம். அதை மூடிவிட்டால், காலையில் திறந்து மறந்துபோன ஒரு நிரலின் தரவு மாலைவரை ரேமை அடைத்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பதிலாக, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பக்கங்களை விண்டோஸ் வெளியே தள்ளும். ரேமைக் காப்பாற்றப்போய் ரேமை வீணாக்கிய கதை இது.

நீலத்திரை வந்து கணினி விழுந்தால் காரணத்தைப் பதிவு செய்யவும், சாதாரண அமைப்பில், விண்டோஸ் இருக்கும் டிரைவில் பேஜ் ஃபைல் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கி 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில், சிறிய கோர் நினைவகத்தையும் அதைவிட ஆறு மடங்கு பெரிய காந்த உருளையையும் சேர்த்து, நிரல் எழுதுபவர் கண்ணுக்கு ஒரே நினைவகமாகக் காட்டினார்கள். 1985இல் இன்டெல் 80386 வந்தபோது 4 கேபி பக்கங்களாக அது மேசைக் கணினிக்குள் நுழைந்தது. இன்றைக்கும் அதே பக்க அளவுதான். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழுத்த ஏற்பாட்டை ஒரு டிக்கில் அணைத்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, எவ்வளவு வைப்பது? ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்ற பழைய வாய்ப்பாட்டை இன்னும் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ரேம் அதிகம் உள்ளவருக்குப் பெரிய பேஜ் ஃபைலும் குறைவாக உள்ளவருக்குச் சின்னதும் கொடுக்கும் கணக்கு அது; தேவை அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. விண்டோஸ் உள்ளகங்களை நன்கறிந்த மார்க் ருசினோவிச் சொன்ன வழி எளிது: உங்கள் வேலை உச்சத்தில் இருக்கும்போது கமிட் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள், அதிலிருந்து ரேமைக் கழியுங்கள், கிடைப்பது குறைந்தபட்சம், அதை இரட்டித்தால் அதிகபட்சம்.

உச்சத்தை டாஸ்க் மேனேஜர் நினைவில் வைத்துக்கொள்ளாது. ருசினோவிச் உருவாக்கிய ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் வைத்துக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகத் தருகிறது. ‘வியூ’, ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’, ‘மெமரி’ என்று போனால் ‘கமிட் சார்ஜ்’ கட்டத்தில் ‘பீக்’ என்று இருக்கும். கணினியைத் தொடங்கியதிலிருந்து எட்டிய உச்சம் அது.

அளப்பதற்காக முதலில் தானியங்கி முறைக்கே மாற்றி, கணினியை மறுபடி தொடங்கினோம். அக்காவிடம், “சாதாரணமா எப்படி வேலை பார்ப்பீங்களோ அப்படியே பாருங்க, எனக்காக எதையும் மூடாதீங்க” என்று கேட்டுக்கொண்டேன். மூன்று விரிப்பு, குரோமில் வாட்ஸ்அப், பாட்டுக்கு ஒரு பக்கம், போட்டோகிராபர் அனுப்பிய படங்களைப் பார்க்க ஒரு நிரல். ஃபோட்டோஷாப் இந்தத் தடவை நிற்கவில்லை. உச்சம் 14.6 ஜிபி. ரேம் 7.9 போக 6.7. கொஞ்சம் தாராளமாக 8 ஜிபி குறைந்தபட்சம், 16 ஜிபி அதிகபட்சம் என்று முடிவு செய்தோம். அந்தப் பெட்டிகளில் எம்பியில்தான் எழுத வேண்டும்: 8192, 16384.

தானியங்கியிலேயே வேலை நடந்ததே, அப்படியே விடக்கூடாதா என்று கேட்கலாம். பெரும்பாலான வீடுகளில் அப்படியே விடுவதுதான் நல்லது, அதை அழுத்திச் சொல்கிறேன். தானியங்கி முறையில் ரேமைப் போல மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, எது பெரிதோ அதுவரை வளரும். டிரைவின் எட்டில் ஒரு பங்கு என்ற வரம்பும் உண்டு. அக்காவின் கணினியில் 24 ஜிபிவரை போகலாம். இங்கே மட்டும் கையால் வைத்ததற்குக் காரணம் ஃபோட்டோஷாப்பின் ஸ்க்ராட்ச் டிஸ்க்.

ஸ்க்ராட்ச் என்பது பேஜ் ஃபைல் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. தனக்கு ஒதுக்கிய ரேமுக்குள் படம் அடங்காதபோது ஃபோட்டோஷாப் தானே எழுதிக்கொள்ளும் தற்காலிகக் கோப்பு அது. ‘ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ் ஆர் ஃபுல்’ என்று வந்தால் பேஜ் ஃபைலை எவ்வளவு பெருக்கினாலும் தீராது, டிரைவில் இடம்தான் வேண்டும். அக்காவுக்கு ஸ்க்ராட்ச்சும் சி டிரைவ்தான், பேஜ் ஃபைலும் சி டிரைவ்தான். 31 ஜிபி மிச்சத்தில் ஸ்க்ராட்ச் முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டால், பேஜ் ஃபைல் வளர நினைக்கும்போது இடம் இருக்காது. பழைய பிழையே திரும்பி வரும். குறைந்தபட்சம் 8 ஜிபி என்று வைத்துவிட்டால் அந்த இடம் முதலிலேயே பேஜ் ஃபைலுக்குப் போய்விடும். அதை யாரும் பிடுங்க முடியாது.

பேஜ் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றிச் சண்டையைத் தவிர்க்கலாமே என்றால், வேண்டாம். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி. முள் நகரும் நேரமும் சேர்ந்தால் ஒரு வாசிப்புக்குப் பன்னிரண்டு மில்லி நொடிவரை ஆகும். நொடிக்கு எண்பது வாசிப்பு, ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 320 கேபிதான். சாட்டா எஸ்எஸ்டியில் அதே நொடியில் ஆயிரக்கணக்கில் நடக்கும்.

ஆகவே பேஜ் ஃபைல் சி டிரைவில் நின்றது. பழைய கல்யாணங்களின் மூலப் படங்களை டி டிரைவுக்கு நகர்த்தி, சி டிரைவில் 70 ஜிபிக்கு மேல் இடம் எடுத்தோம். நாள் முழுக்கப் பிடித்த வேலை இது ஒன்றுதான். ஸ்க்ராட்ச்சுக்கு முதலில் சி, அது நிறைந்தால் டி என்று வரிசை கொடுத்தோம். செய்ததைத் திரும்பப் பெற ஃபோட்டோஷாப் சேமித்து வைக்கும் படிகளின் எண்ணிக்கை, ‘ஹிஸ்டரி ஸ்டேட்ஸ்’, 50 என்று இருந்ததை அக்கா சம்மதத்தோடு 20 ஆக்கினோம். அத்தனை படி பின்னால் போகும் பழக்கம் அவருக்கு இல்லை.

அளவைப் பதியும்போது ஒரு நுணுக்கம். ‘கஸ்டம் சைஸ்’ தேர்ந்து இரண்டு எண்ணையும் எழுதிய பிறகு ‘செட்’ பொத்தானை அழுத்த வேண்டும். நேராக ‘ஓகே’ அழுத்தினால் எழுதியது போய்விடும். மேலே இருக்கும் பட்டியலில் சி டிரைவுக்கு எதிரே 8192 - 16384 என்று வந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். பிறகு ஒரு மறுதொடக்கம்.

திரும்பி வந்ததும் கமிட்டெட் 3.9/15.9. மூன்று விரிப்பைத் திறந்து, அச்சுக்கு ஏற்றுமதி செய்யும்போதும் ஃபோட்டோஷாப் நிற்கவில்லை. ஆனால் மெதுவாக இருந்தது. ஒரு விரிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் திரை சற்று நின்று வந்தது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது குறை தெரிகிறது. ரிசோர்ஸ் மானிட்டரில் ‘மெமரி’ தாவலில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்று ஒரு வரைபடம் உண்டு. பெயர் பயமுறுத்தும், வேண்டிய பக்கம் ரேமில் இல்லை, வட்டிலிருந்து எடுத்து வந்தேன் என்பதுதான் பொருள். ஒரு நிரலைத் திறக்கும்போது அது எகிறி அடங்குவது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அடங்காமல் உயரத்திலேயே நின்றால்தான் கவலை. அக்கா விரிப்பு மாற்றும்போதெல்லாம் அது நூற்றுக்கணக்கில் நின்றது, ‘அவைலபிள்’ 300 எம்பிக்குக் கீழே போனது. ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுதியை ‘வொர்க்கிங் செட்’ என்று 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். அது ரேமுக்குள் அடங்காதபோது கணினி வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைச் சுமப்பதிலேயே பொழுதைக் கழிக்கும். அதற்குப் பேஜ் ஃபைல் மருந்தல்ல.

கமிட் உச்சவரம்பை நெருங்குகிறது, அவைலபிள் தாராளமாக இருக்கிறது என்றால் பேஜ் ஃபைலைப் பாருங்கள். அவைலபிள் வற்றி ஹார்ட் ஃபால்ட் அடங்கவில்லை என்றால் ரேம் வாங்குங்கள். அக்காவிடம் முதலாவது இருந்தது. அது தீர்ந்ததும் அதன் பின்னால் மறைந்திருந்த இரண்டாவது வெளியே வந்தது.

ரேம் விலை ஏறிக் கிடக்கும் நேரம் என்பதால் அக்கா தயங்கினார். “நின்னு போகாம ஓடுதுல்ல, அது போதும்” என்று இரண்டு ஆல்பத்தை அப்படியே முடித்தார். அந்தக் காசு கைக்கு வந்த பிறகுதான், கணினிப் பொருள் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு போனோம். செம்பூரில் ஹார்பர் லோக்கல், குர்லாவில் மாறி தாதர், அங்கே வெஸ்டர்ன் பக்கம் மாறி கிராண்ட் ரோடு. கிளம்பும் முன்பே டாஸ்க் மேனேஜரில் வேகமும் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’ என்பதும் பார்த்துக் குறித்துக்கொண்டோம். டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் வெட்டு இடம் வேறு, மாற்றி வாங்கினால் பொருந்தாது. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்தினேன்.

ரேம் கூட்டியதும் பலர் பேஜ் ஃபைலை எடுத்துவிடுவார்கள். நாங்கள் எடுக்கவில்லை. இப்போது வரம்பு 23.9. ஃபோட்டோஷாப் கண்ணில் படும் ரேமில் 70 விழுக்காட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. ரேம் கூடினால் அதுவும் கூடக் கேட்கும். அடுத்த ஆல்பம் முடிந்த அன்று ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரில் உச்சம் 18.2 என்றது. ரேமைத் தாண்டி 2 ஜிபிக்கு மேல் உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது, அவைலபிள் ஒரு நேரமும் 2 ஜிபிக்குக் கீழே போகவில்லை, ஈவென்ட் வியூவரில் புதிய 2004 எதுவும் இல்லை. 8192ஐயும் 16384ஐயும் அப்படியே விட்டுவிட்டோம்.